கிருமிகளுக்கு அனுமதி இல்லை

திங்கட்கிழமை காலை கோவிந்தராஜன் லிஃப்டில் தும்மினார். இதில் செய்தி ஒன்றும் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். புனேயில், வாகட்டில் எங்கள் பரமானந்த் பாரடைஸ் அடுக்குமாடி வளாகத்தில் குடியிருந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். லிஃப்ட் ஒன்பதாவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் அந்தத் தும்மலின் கேமரா பதிவு வாட்ஸப் குழுவில் ஏறி, பாதிப் பேர் பார்த்து, கைகூப்பும் படங்களும் போட்டாகிவிட்டது. கதவு திறந்தபோது எதிரே காவலர் காசிம் வழிமறித்து நின்றார்.

“ஸாப், பட்டா கஹான் ஹை?”

கையில் பச்சைப் பட்டை எங்கே என்று கேட்கிறார். கோவிந்தராஜனிடம் பட்டை இல்லை. அது இல்லாமல் தும்மியவருக்கு லிஃப்ட் இல்லை, தோட்டம் இல்லை, கிளப் ஹவுஸ் இல்லை. அவர் ஒன்பது மாடியும் படியேறி வீட்டுக்குப் போனார்.

இந்தப் பட்டையைக் கண்டுபிடித்தவர் எங்கள் வளாகக் கமிட்டியின் தலைவர் கோகுல்நாத். சென்னைக்காரர். ஒரு பெரிய கம்பெனியில் சரக்குக் கிடங்குகளுக்கெல்லாம் துணைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது நிர்வகிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வேறு எதுவும் அகப்படாததால் எங்களை நிர்வகிக்கிறார்.

எங்கள் வளாகத்தில் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை யாரும் முழுதாகச் சாப்பிட்டு முடித்ததில்லை. டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் விட்ட அன்றே நிறுத்திவிட்டு மிச்சத்தை ஃபிரிட்ஜ் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் நல்ல மனதோடு எடுத்துக் கொடுப்போம். இத்தனை சரக்கு வீட்டுக்கு வீடு சும்மா கிடப்பதைப் பார்த்துக் கோகுல்நாத்துக்கு மனம் பொறுக்கவில்லை. கிளப் ஹவுஸில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, ‘பொது மருந்துக் களஞ்சியம்’ என்று பெயர் சூட்டி, தேங்காய் உடைத்துத் திறந்து வைத்தார். அன்று அவர் ஆற்றிய உரையை என்னால் மறக்க முடியாது.

“ஒரு நோய்க்கு ஒரு மருந்துங்கறது பழைய மாடல். பிராட் ஸ்பெக்ட்ரம்னா என்ன? நெஞ்சுல சளிக்கட்டு, சிறுநீர்த் தொற்று, டைஃபாய்டு, சீழ் வைச்ச புண்ணு, எல்லாத்துக்கும் கேட்கும். எல்லாத்துக்கும் கேட்கும்னு தெரிஞ்சப்புறம் எதுக்குன்னு ஏன் கேட்கணும்? நான் முப்பது வருஷம் எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்காம உத்தியோகம் பார்த்தவன்!”

பலத்த கைதட்டல். அன்றிலிருந்து, தும்மியவரும் இருமியவரும் கமிட்டியின் எதிரே நின்று, பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து விழுங்க வேண்டும். விழுங்கினால் பச்சைப் பட்டை. அட்டையிலிருந்து வெட்டிப் போட்ட ஒற்றை மாத்திரைகள். பெயர் பாதி, தேதி பாதி. எல்லாம் கலந்து கிடந்தால் ஸ்பெக்ட்ரம் இன்னும் அகலமாகும் என்பது கமிட்டியின் கருத்து.

கோவிந்தராஜனுக்கு இரண்டு சங்கடங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அதே கிளப் ஹவுஸில் மகள் ராஜஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். ஈரோட்டிலிருந்து சம்பந்தி பக்தவத்சலம் குடும்பத்தோடு கிளம்பி வருகிறார். இரண்டாவது, கோவிந்தராஜனுக்குப் பெனிசிலின் ஆகாது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு மாத்திரை போட்டு முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர். பெட்டிக்குள் கைவிட்டால் எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் மனைவி கிரிஜாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. “ஏனுங்க, அந்தப் பொட்டியில கெடக்கறது என்ன மாத்திரைன்னு போட்டவனுக்கும் தெரியாது, எடுக்கறவனுக்கும் தெரியாது. அதுல ஒண்ண முழுங்கி வெச்சீங்கன்னா, நிச்சயத்துக்கு வர்ற சனம் வேற காரியத்துக்கு வந்த மாதிரி ஆயிரும். பேசாம டாக்டரம்மாகிட்டப் போய்ட்டு வாங்க.”

டாக்டர் ஆட்ரிக்குத் தேஹு ரோட்டில் கிளினிக். மூன்று தலைமுறையாகக் கண்டோன்மென்ட் பக்கமே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் கோவிந்தராஜனின் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல அங்கிள். சாதா சர்தி, சளிதான். வைரஸ். நாலஞ்சு நாள்ல தானே போயிடும். ஆவி பிடிங்க, உப்புத் தண்ணில கொப்பளிங்க.”

“அலர்ஜி பண்ணாத பிராட் ஸ்பெக்ட்ரம் ஒண்ணு எழுதித் தர முடியுங்களா டாக்டர்? கமிட்டில காட்டோணும்.”

ஆட்ரி பேனாவை மூடி வைத்துவிட்டார். “அங்கிள், பாக்டீரியான்னா அது ஒரு தனிக்குடித்தனம். அதுக்குச் சுவர் இருக்கு, உள்ள சமையல்கட்டு இருக்கு. ஒரு ஜாதி ஆன்டிபயாட்டிக் அதைச் சுவர் கட்ட விடாது, இடிஞ்சு விழுந்து செத்துப்போகும். இன்னொரு ஜாதி சமையல்கட்டைப் பூட்டிடும், புரோட்டீன் பண்ண முடியாம அப்படியே நின்னுடும். வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சமையல்கட்டும் கிடையாது. உங்க வீட்டுக்குள்ள பூந்து உங்க அடுப்புல சமைக்கிற ஆசாமி அது. இந்த மாத்திரை போய் எதை இடிக்கும், எதைப் பூட்டும்?”

“அப்ப பிராடுங்கறது?”

“பல வகை பாக்டீரியாவை அடிக்கும்னு அர்த்தம், அவ்ளோதான். ஒருத்தர் நியுமோனியாவுல மூச்சு வாங்கிட்டு வர்றாரு. இல்ல, ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. எந்தக் கிருமின்னு லேப் சொல்றதுக்குள்ள ஆள் போயிடுவாரு. அப்ப கொடுப்போம், உசிரைக் காப்பாத்தும். ஆனா அதுக்கு ஆள் அடையாளம் தெரியாது அங்கிள். வயித்துல செரிக்க ஒத்தாசை பண்ற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடிச்சுடும். அப்புறம் பாத்ரூமே கதி. அதுல தப்பிச்ச கெட்ட கிருமிக்குத் துளிர் விட்டுப் போயிடும், அடுத்த தடவை அந்த மாத்திரைக்குப் பயப்படாது.”

“இதெல்லாம் சொன்னா கமிட்டி கேக்காதுங்க டாக்டர்.”

“கமிட்டி எந்த காலேஜ்ல எம்.பி.பி.எஸ். படிச்சுது?”

கோவிந்தராஜன் டாக்டரை ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கு அவசியம் வர வேண்டும் என்று அழைத்துவிட்டு வந்தார்.

செவ்வாய் மாலை விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் கோகுல்நாத், செயலாளர் ஸப்னிஸ், இன்னும் மூன்று பேர். இந்தப் பக்கம் கோவிந்தராஜனுக்கு உட்கார நாற்காலி போடவில்லை. நாற்காலிக்கும் பட்டை வேண்டுமாம்.

“டாக்டர் சொல்றது டாக்டரோட அபிப்பிராயம்,” என்றார் கோகுல்நாத். “இங்க உட்கார்ந்திருக்கிற அஞ்சு பேரும் இன்ஜினியர்ஸ். ஒருத்தர் பெருசா, அஞ்சு பேர் பெருசா?”

“வைரஸுக்கு அது வேலையே செய்யாதுங்களாம் சார்.”

“செய்யலைன்னா போகட்டுமே. வேலையே செய்யாத எத்தனை பேருக்கு நான் பிரமோஷன் கொடுத்திருக்கேன் தெரியுமா?”

“எனக்குப் பெனிசிலின் ஆகாதுங்க. ஏதாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?”

செயலாளர் ஸப்னிஸ் கருணையுள்ளவர். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஆம்புலன்ஸுக்கு விருந்தினர் பார்க்கிங்கில் இடம் உண்டு, முன்கூட்டிச் சொன்னால் போதும் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்.

தீர்ப்பு வந்தது. பெண்ணின் தகப்பனார் கிளப் ஹவுஸுக்குள் வரக்கூடாது. ஆனால் கமிட்டிக்கும் ஈரம் உண்டு. கேட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு பெரிய குடை, எதிரே தாங்கியில் ஒரு போன். அங்கே உட்கார்ந்தபடி அவர் கிளப் ஹவுஸின் பெரிய திரையில் தோன்றி மகளை ஆசீர்வதிக்கலாம்.

“ஹைபிரிட் நிச்சயதார்த்தம்!” என்று கோகுல்நாத் மேஜையைத் தட்டினார். “புனேலயே இதுதான் ஃபர்ஸ்ட். நீங்க எங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்.”

கோவிந்தராஜன் தேங்க்ஸ் சொன்னார். அவர் சுபாவம் அப்படி. வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. ஒரே பெண். நிச்சயதார்த்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர இந்த விசேஷத்தில் அவர் தனக்காக எதையும் கேட்கவில்லை. திரையில் தெரிகிறவன் தட்டை எப்படி வாங்குவான்?

“அப்பா, நீ ரோ மத்,” என்றாள் ராஜஸ்ரீ. அழாதே என்கிறாள். புனேயிலேயே வளர்ந்த பெண், அழுகிற இடத்தில் தமிழ் அவளுக்குக் கை கொடுப்பதில்லை. “எனக்கு நீ பக்கத்துல வேணும். ஸ்க்ரீன்ல நஹி.”

வியாழக்கிழமை காலை கோவிந்தராஜனின் சளி, டாக்டர் சொன்னபடி தானே போய்விட்டது. துள்ளிக் குதித்துக் கமிட்டிக்கு ஓடினார். மருந்து சாப்பிடாமல் குணமானால் அதைக் குணம் என்று ஏற்க முடியாது, தற்செயல் என்று குறித்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதற்குள் வளாகத்தில் பட்டை மோகம் தலைக்கேறிவிட்டது. தும்மல் வராதவர்களும் வரிசையில் நின்று மாத்திரை விழுங்கிப் பட்டை வாங்கினார்கள். பட்டை இல்லாதவர்களை யோகா வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். சி விங்கில் ஒரு பொமரேனியன் நாய் கழுத்தில் பட்டையோடு உலாவியது. அது எதை விழுங்கியது என்று நான் விசாரிக்கவில்லை. பிறகு ஏ விங் முழுவதற்கும் பேதி கண்டது. பேதி ஒரு நோய், நோய்க்கு மருந்து பிராட் ஸ்பெக்ட்ரம், ஆகவே இன்னொரு மாத்திரை என்று கமிட்டி உத்தரவிட்டது. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு நீலப் பட்டை. நீலப் பட்டைக்காரர்களை அதன் பிறகு வெளியில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. நானும் இரண்டு நாள் வீட்டில்தான் இருந்தேன். எந்த நிறம் என்று கேட்காதீர்கள்.

இத்தனை பேரும் இப்படி ஒரே வேலையாக இருந்தால் கழிவுநீர் எங்கே போகும்? எங்கள் வளாகத்தின் அடித்தளத்தில் சுத்திகரிப்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள், உள்ளே இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் நாங்கள் அனுப்புவதைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். அந்தத் தண்ணீர்தான் மறுபடி கழிவறைத் தொட்டிகளுக்கும் தோட்டத்து நீரூற்றுக்கும் வருகிறது. வியாழன் மதியம் தொட்டியிலிருந்து லேசாக வாடை வந்தது. கோகுல்நாத் நேரில் போய்ப் பார்வையிட்டு, பராமரிப்புக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“உள்ளே என்ன இருக்கு?”

“பாக்டீரியா, ஸார்.”

“பாக்டீரியாவா! எப்படி வந்துச்சு?”

“நாங்கதான் போட்டோம், ஸார்.”

“வேணும்னேவா?”

“ஆமா ஸார், ஆரம்பத்துலேருந்தே.”

கோகுல்நாத் போனை வைத்தார். வீட்டுக்கு அடியிலேயே எதிரியை வைத்துச் சோறு போட்டிருக்கிறோம் என்பது அவர் நெஞ்சைத் தைத்துவிட்டது. அன்று மாலையே விழா. தொட்டியின் மூடியைத் திறந்து, தேங்காய் உடைத்து, களஞ்சியத்தில் இருந்த அத்தனை மாத்திரையையும் உள்ளே கவிழ்த்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று டிரம் டிரம்மாக பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போயின. போட்டோவுக்காக ஒரு அடி முன்னால் வந்த கோகுல்நாத்தின் கணுக்காலைத் துருப்பிடித்த மூடி கீறிவிட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் தொட்டிக் குழாயில் பச்சைப் பட்டையைக் கட்டினார்.

“இன்னைக்கு முதல் நம்ம சாக்கடையும் ஆரோக்கியமான சாக்கடை!”

சனிக்கிழமை அந்தச் சாக்கடை செத்தது. தின்ன ஆள் இல்லாமல் தொட்டி பொங்கியது. கழிவறையில் விசையை அழுத்தினால் கறுப்பாக ஊற்றியது. தோட்டத்து நீரூற்று வண்ண விளக்கு வெளிச்சத்தில் வீசிய நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கலாம். பராமரிப்புக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். தொட்டியைக் கழுவி, வேறொரு வளாகத்தின் தொட்டியிலிருந்து உயிருள்ள பாக்டீரியாச் சேற்றைக் கொண்டுவந்து கொட்டினால்தான் விமோசனம் என்றார்கள். டேங்கர் ஞாயிறு காலையில் வரும் என்றார்கள்.

ஞாயிறு காலை கேட்டுக்கு வெளியே, மருந்துக் கடைக்கு எதிரே, பட்டு வேட்டி சட்டையில் கோவிந்தராஜன் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கிளப் ஹவுஸில் விருந்தாளிகள் மூக்கில் கைக்குட்டையோடு, திரையில் ஆளுயரத்துக்குத் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் வேனும் டேங்கரும் ஒன்றாக வந்து சேர்ந்தன. டேங்கர் முந்திக்கொண்டது. காசிம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உள்ளே என்ன?”

“கிருமி. டேங்க் பூராவும். உயிரோட,” என்றார் டிரைவர்.

கேட்டில் மாட்டியிருந்த பலகையைக் காசிம் காட்டினார். கிருமிகளுக்கு அனுமதி இல்லை என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. காசிம் மேல் குற்றமில்லை, அவர் சொன்னதைச் செய்கிறவர். அப்போது கோகுல்நாத் காலை இழுத்து இழுத்து ஓடிவந்தார். இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

“சோடோ காசிம், விடு, விடு! அவங்கல்லாம் நம்ம ஆளுங்க!”

மாப்பிள்ளையை வரவேற்கக் கமிட்டி ஏற்பாடு செய்திருந்த டோல் தாஷா மேளக் கோஷ்டி உள்ளே தயாராக நின்றது. தலைவரே கைகூப்பிக் கூப்பிடுகிற வண்டியில் மாப்பிள்ளை இல்லாமல் வேறு யார் இருப்பார்கள் என்று அவர்கள் அடித்து நொறுக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு முன்னே வந்து, பழக்கதோஷத்தில் டேங்கரின் நம்பர் பிளேட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். டேங்கர் பூமாரி பொழிய உள்ளே போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கி வாய் பிளந்து நின்றார்கள்.

பக்தவத்சலம் மெதுவாகக் குடையடிக்கு வந்தார். “ஏனுங் சம்பந்தி, அந்த லாரில வந்தது ஆருங்க? உங்க பக்கத்துல பெரிய ஒறவுங்களா?”

கோவிந்தராஜன் தும்மலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். பக்தவத்சலம் பொறுமையாகக் கேட்டார். கேட்டை நோக்கி ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார், உடனே விட்டுவிட்டார்.

“இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? பொண்ணுக்கு அப்பன் எங்க இருக்கறாரோ அங்க தட்டு மாத்தினா முடிஞ்சுது. எங்களுக்கு ஏசி ஹாலெல்லாம் வேண்டாமுங்க. மூச்சு உடறதுக்கு எடமிருந்தாப் போதும். ஜமக்காளத்த எடுத்து இங்க விரிக்கச் சொல்லுங்க.”

சொல்லி வாய் மூடுவதற்குள் கிளப் ஹவுஸ் காலியானது. அலங்கரித்த பெண், சமையல்காரர்கள், பாயச அண்டா, நாங்கள் எல்லோரும் நல்ல காற்றைத் தேடி வெளியே பாய்ந்தோம். உள்ளே மிஞ்சியது நான்கு பேர். விழா நடக்கும் இடம் கிளப் ஹவுஸ் என்று தீர்மானம் இருப்பதால் கமிட்டி உறுப்பினர்கள் அதை மீறாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஆட்ரி வந்து எங்களோடு நடைபாதையில் அமர்ந்தார்.

சேற்றைக் கொட்டி முடித்த கையோடு கோகுல்நாத் வந்தார். முகம் வெளிறி வியர்த்திருந்தது. ஆனாலும் எதிரே போன் ஒன்று தாங்கியில் நிற்கும்போது அவரால் பேசாமல் இருக்க முடியாது.

“பாக்டீரியா நம்ம குடும்பம். நான் எப்பவும் அதைத்தான் சொல்லிட்டு வர்றேன். இந்த நிமிஷத்துலேருந்து எந்த ஆன்டிபயாட்டிக்கும் இந்த கேட்டைத் தாண்டக் கூடாது. சாப்பிட்டவங்களும் தாண்டக் கூடாது, அவங்க மூலமா தொட்டிக்குப் போயிடும். யாரா இருந்தாலும் சரி. ஒத்துக்கறவங்க கையைத் தூக்குங்க!”

உள்ளே நான்கு கைகள் உயர்ந்தன. கோகுல்நாத்துக்குக் கால் தள்ளாடியது. ஆட்ரி அவரைப் பிடித்து நடைபாதையிலேயே உட்கார வைத்து, பேன்ட்டை மடித்துவிட்டுப் பார்த்தார். கணுக்காலிலிருந்து கெண்டைச்சதை வரை சிவந்து வீங்கித் தகித்தது. காய்ச்சலும் அடித்தது.

“எப்பலேருந்து?”

“வியாழக்கிழமை அந்த மூடி கீறினதுலேருந்து.”

“ஊரே முழுங்கியிருக்கு. நீங்க என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க, சொல்லுங்க.”

கோகுல்நாத் அவர் காதருகே குனிந்தார். “ஒண்ணுகூட இல்ல டாக்டர். எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது. நான் பாலிசி மட்டும்தான்.”

போன் நல்ல போன். அந்த ரகசியம் கிளப் ஹவுஸ் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டு, எங்களுக்கே எதிரொலித்தது.

“இது நெஜமான பாக்டீரியா,” என்றார் ஆட்ரி. “இதுக்குத்தான் அந்த மருந்தைக் கண்டுபிடிச்சாங்க. எந்தக் கிருமின்னு பார்த்துட்டு உட்கார்ந்திருக்க முடியாது, முழங்காலுக்கு ஏறிடும். இப்பவே ஆரம்பிக்கணும், நான் சொல்ற நாள் வரைக்கும் நிறுத்தக் கூடாது. டெட்டனஸ் ஊசியும் போடணும்.”

“இப்பத்தானே தடை போட்டேன் டாக்டர்! கமிட்டியைக் கூட்டி, அஜெண்டா கொடுத்து, வாபஸ் வாங்கினப்புறம்…”

“கால் உங்க கமிட்டிக்காக வெயிட் பண்ணாது அங்கிள்.”

எதிர்க் கடையிலிருந்து மாத்திரை வந்தது. கிரிஜா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். கோகுல்நாத் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். போனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்ததால், உள்ளே பெரிய திரையில் அவர் தொண்டை ஏறி இறங்கியதும் தெரிந்திருக்கும். சற்று நேரம் போனில் குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. பிறகு ஸப்னிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

சற்று முன் நிறைவேறிய தீர்மானத்தின்படி, மருந்து முடியும் வரை தலைவர் வளாகத்துக்குள் வர இயலாது என்று அவர் வருத்தத்தோடு அறிவித்தார். ஆனால் கமிட்டிக்கு மனிதாபிமானம் உண்டு. நாற்காலியும் குடையும் போனும் அங்கேயே இருக்கின்றன. தலைவர் எல்லாக் கூட்டங்களிலும் திரை வழியாகக் கலந்துகொள்ளலாம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கோகுல்நாத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே ஒலியை அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அவர் பேசப் பேச யாரும் பதில் சொல்லவில்லை.

ஜமக்காளத்தில் பக்தவத்சலம் தட்டை எடுத்து நீட்டிக்கொண்டு காத்திருந்தார். “அப்பா, ஜல்தி வா!” என்று ராஜஸ்ரீ கூப்பிட்டாள். கோவிந்தராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அதைக் குடையோடு சேர்த்துத் தலைவர் பக்கம் நகர்த்திப் போட்டு, “சௌரியமா உக்காருங்க சார்” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு தட்டு வாங்கப் போனார்.